ஆவும் கீரியும்: காப்பியங்கள் கண்ட வேற்றினக் காவல்

சிலப்பதிகாரத்தில் ஒரு கீரி உண்டு. உண்டு என்று சொல்வதுகூடச் சற்று மிகையே. அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனின் பழைய அறச்செயல்களை எடுத்துக் கூறுமிடத்தில், ஓரிரு சொற்களுக்குள் அக்கீரி தோன்றித் தோன்றிய இடத்திலேயே மாண்டும் போகிறது. கானல் வரியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வழக்குரை காதையைப் பட்டிமன்றங்களில் ஆண்டுதோறும் கேட்கிறோம். இந்தக் கீரியை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஒரு விலங்கு தன் இனமல்லாத வேறோர் உயிரைக் காத்து நிற்கும் காட்சியைத் தமிழ்க் காப்பியங்கள் எவ்வாறு கையாண்டன என்று எண்ணிப் பார்க்கப் புகும்போது, நமக்கு முதலில் தோன்றியது இக்கீரிதான்.

கதை பாரத நாடெங்கும் வழங்குவது, பஞ்சதந்திரத்திலும் உள்ளது. பார்ப்பனி ஒருத்தி குழந்தையோடு ஒரு கீரியையும் வளர்க்கிறாள். அவள் இல்லாத வேளையில் தொட்டிலை நோக்கிப் பாம்பு வருகிறது. கீரி அதனைக் கொன்று, குருதி படிந்த வாயோடு அவளை எதிர்கொள்கிறது. குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று எண்ணியவள் அதனை அடித்துக் கொல்கிறாள். இவ்வளவையும் இளங்கோவடிகள் சொல்லவில்லை. கேட்போர் அறிவர் என்று விட்டுவிட்டார். அவர் விரித்துக் கூறுவது அதன் பின் நிகழ்ந்ததையே. கணவன் அவளை விட்டு வடதிசை நோக்கிப் போகிறான். போகுமுன் வடமொழியில் எழுதிய ஏடொன்றை அவள் கையில் கொடுத்துச் செல்கிறான். அவள் அதனை ஏந்திக்கொண்டு புகார் நகரத்து வணிகர் தெருக்களில் அழுது திரிகிறாள். கோவலன் அழைத்து, ஏட்டைப் பெற்று, அவள் பாவம் நீங்கத் தானம் செய்து, பொருளும் கொடுத்து, போன கணவனையும் மீட்டுச் சேர்த்து வைக்கிறான்.

கோவலனின் வள்ளன்மைக்குச் சான்றாக இதனைக் கொண்டு மேலே சென்றுவிடுவது உரை மரபு. ஆனால் இக்கதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நோக்க வேண்டும். மதுரைக்கு வெளியே, புறஞ்சேரியில், கோவலன் சிலம்பு விற்க நகருக்குள் போவதற்குச் சற்று முன்னர் இது நினைவூட்டப்படுகிறது. வாயில் குருதியைக் கண்டவள் வீட்டுக்குள் சென்று தொட்டிலைப் பார்க்கவில்லை. கையில் சிலம்பு இருந்ததாகக் கேட்ட அரசன் அழைத்து ஒரு சொல் வினவவில்லை. கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று, ஆராயாத சினம் ஒன்று, குற்றமற்றதன் சாவு ஒன்று. ஒருத்தியின் ஆராயாத் தீர்ப்புக்காகத் தானம் செய்து கழுவாய் தேடியவனே இன்னொருவனின் ஆராயாத் தீர்ப்புக்கு இரையாகிறான். அடிகள் இதனைச் சுட்டிக் காட்டவில்லை. காட்டாமல் விட்டதே இதன் வலிமை என்பது நம் கருத்து.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அக்கீரி உண்மையில் குழந்தையைக் காத்ததா? கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பகை நாடறிந்தது. தொட்டிலில் குழந்தை இல்லாவிட்டாலும் அது பாம்பைக் கொன்றுதானிருக்கும். பகையால் செய்த செயலுக்குப் பரிவு என்று பெயர் சூட்டிக் கதை பண்ணிவிட்டோமோ? பள்ளி நாளில் இதனைக் கேட்டிருந்தால் ஆசிரியர் நம்மை வெளியே நிறுத்தியிருப்பார். இன்று கேட்கலாம், கேட்பதற்குக் கடலிலிருந்தே ஒரு துணை கிடைத்திருக்கிறது.

கூன்முதுகுத் திமிங்கிலம் எனப்படும் பேருயிர், ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் வேட்டையாடும் இடத்திற்குத் தானே சென்று குறுக்கிடுவதுண்டு. ராபர்ட் பிட்மன் முதலிய ஆய்வாளர்கள் 1951 முதல் 2012 வரை பதிவான 115 நிகழ்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்டனர். வேட்டைக்கு இலக்கான உயிர் இன்னதென்று தெரிந்த நிகழ்ச்சிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில்தான் அது கூன்முதுகின் கன்று. மற்றவற்றில் எல்லாம் சீல், கடற்சிங்கம், வேறு திமிங்கிலம், ஒரு பெருமீன் என அயலினங்களே. 2009 சனவரியில் அண்டார்க்டிகக் கடலில் பிட்மனும் ஜான் டர்பனும் நேரில் கண்டது இன்னும் வியப்பானது. ஓர்க்காக்களால் துரத்தப்பட்ட சீல் ஒன்று கூன்முதுகை நோக்கி நீந்தி வர, அத்திமிங்கிலம் மல்லாந்து புரண்டு அதனைத் தன் மார்பின்மேல் ஏற்றிக்கொண்டது. நீர் வழிந்து சீல் நழுவப் போனபோது துடுப்பினால் மெல்லத் தள்ளி மீண்டும் நடுவில் இருத்தியது. சிறிது நேரத்தில் சீல் இறங்கி நீந்திப் பனிப்பாளம் ஒன்றை அடைந்துவிட்டது.

இதற்கு ஆய்வாளர் தரும் விளக்கத்தில் கண்ணீருக்கு இடமில்லை. ஓர்க்காக்கள் கூன்முதுகின் கன்றுகளையும் கொல்பவை. ஆதலின் அவை வேட்டையில் எழுப்பும் ஒலி கேட்டதும் கூன்முதுகுகள் விரைந்து சென்று கலைக்கின்றன. அகப்பட்டிருப்பது எவ்வினம் என்று அறிந்து செல்வதில்லை. தன் கன்றைக் காக்க வளர்ந்த இயல்பு அயலானையும் காத்துவிடுகிறது. அப்படியானால் நழுவிய சீலைத் துடுப்பினால் தள்ளி ஏற்றியது எதற்கு? அவ்விடத்தில் விளக்கம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. பகையா பரிவா என்று நாம் கீரியைக் கேட்ட கேள்வி, இரண்டையும் அறுத்துப் பிரிக்கலாம் என்று முன்பே முடிவு செய்துகொண்ட கேள்வி. அடிகள் கீரியின் உள்ளத்துக்குள் புகவில்லை. அதன் செயலையும் அதற்கு மனிதர் செய்த கைம்மாறையும் மட்டும் வைத்தார். பிற்காலத்துக் கதை சொல்லிகள் கீரிக்கு நன்றியுணர்ச்சி, கடமை, கண்ணீர் எல்லாம் அளித்து, அதனைச் சீருடை அணிந்த காவலாளி ஆக்கிவிட்டனர். அவர்களைவிட அடிகளின் கீரி உயிருள்ளது.

மணிமேகலைக்கு வருவோம். வடபுலத்தில் வாழும் நம் போன்றோர் ஆபுத்திரன் கதையை ஒருமுறையேனும் நிதானமாகப் படிக்க வேண்டும். அது காசியிலிருந்து புறப்படும் கதை. வாரணாசியில் வாழ்ந்த அபஞ்சிகன் என்னும் மறையோனின் மனைவி சாலி, நெறி பிழைத்து, அப்பிழை தீரக் குமரியாட வருகிறாள். வழியில் தென்பாண்டி நாட்டில் பிள்ளை பெறுகிறாள். பெற்றதை இரவில் ஒரு தோட்டத்தில் இட்டுவிட்டுப் போய்விடுகிறாள். குழந்தையின் அழுகுரல் கேட்டுப் பசு ஒன்று வருகிறது, நாவினால் நக்குகிறது, பால் ஊட்டுகிறது, ஏழு நாள் அவ்விடம் விட்டு அகலாமல் காவல் நிற்கிறது. அவ்வளவுதான். தெய்வம் தோன்றவில்லை, அசரீரி ஒலிக்கவில்லை, பசு பேசவுமில்லை. மணிமேகலா தெய்வம் வான்வழியே தூக்கிச் செல்லும் காப்பியத்தில், பேசும் பாவையும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரமும் உள்ள காப்பியத்தில், சாத்தனார் இந்த ஓரிடத்தில் கை கட்டி நிற்கிறார்.

பிறகு நடப்பது மனிதர் கதை. வழிப்போக்கனாக வந்த இளம்பூதி என்னும் அந்தணன் பிள்ளையைக் காண்கிறான். இவன் பசுவின் மகன் அல்லன், என் மகனே என்று எடுத்து மார்போடு அணைக்கிறான். ஊருக்குக் கொண்டு சென்று மறை ஓதுவிக்கிறான். வளர்ந்த சிறுவன் ஒரு நாள் வேள்விக்கென்று மாலை சூட்டிக் கட்டப்பட்டிருந்த பசுவைக் கண்டு, இரவோடு இரவாக அதனை ஓட்டிச் செல்கிறான். பிடிபடுகிறான். கோல்கொண்டு அடிக்கிறார்கள். அடித்து நின்ற உவாத்தியின் வயிற்றைக் கொம்பினால் குத்திக் கிழித்துவிட்டு அப்பசு காட்டுக்குள் பாய்ந்து ஓடுகிறது. முன்பு ஒரு பசு அவனைக் காத்தது. இப்போது ஒரு பசுவை அவன் காக்கிறான். அப்பசு அவனை அடித்தவனைக் குத்துகிறது. இதனை உரையெழுதுவோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். பசுவைச் சாந்தத்தின் வடிவமாகவே வணங்கிப் பழகிய நமக்கு அந்தக் கொம்பு சற்று இடைஞ்சலாக இருக்கிறது போலும்!

அதன் பின் வழக்கு பசுவைப் பற்றியதாக இல்லை. பிறப்பைப் பற்றியதாகி விடுகிறது. ஆமகன் என்று இகழ்கிறார்கள். பசுவிடமும் மானிடமும் புலியிடமும் நரியிடமும் பிறந்த முனிவர்களை வரிசையாகச் சொல்லி அவன் விடை இறுக்கிறான். உடனே கூட்டத்தில் ஒருவன் எழுந்து, சாலியைத் தான் வழியில் கண்டதையும், அவள் தன் கதை சொல்லி அழுததையும் வெளியிட்டுவிடுகிறான். என் மகன் என்று அணைத்த இளம்பூதியே அவனைத் துரத்துகிறான். பிச்சைக்குப் போன ஊர்களில் அவனது கலத்தில் கல்லை இடுகிறார்கள். அவன் மதுரைக்குப் போகிறான். பிறந்த குழந்தையின் குலம் எது என்று பசு கேட்கவில்லை என்ற உண்மையைச் சாத்தனார் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பசுவின் ஏழு நாளையும் மனிதரின் அந்த ஒரு நாளையும் ஒரே காதைக்குள் வைத்துவிட்டார். ஊர்விட்டு ஊர் வந்து, பெயரையும் பிறப்பிடத்தையும் முதலில் கேட்கும் வீட்டுக்காரர்களிடம் வாடகைக்கு அறை தேடியவர்களுக்கு இக்காதை கொஞ்சம் கூடுதலாகவே விளங்கும்.

பசு அயல் குழந்தைக்குப் பாலூட்டுமா என்று ஐயுறுவோர் உண்டு. நமக்கு அண்மையில், சௌராட்டிரத்துக் கிர் காட்டில், நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2018 டிசம்பர் இறுதியில், தன் இரு குட்டிகளோடு திரிந்த பெண்சிங்கம் ஒன்று ஏறத்தாழ இரண்டு மாதச் சிறுத்தைக் குட்டி ஒன்றையும் உடன் கொண்டு நடப்பதை வனத்துறையினரும் ஆய்வாளரும் கண்டனர். சிங்கமும் சிறுத்தையும் ஒரே காட்டில் ஒரே இரைக்குப் போட்டியிடுபவை. வாய்ப்புக் கிடைத்தால் சிங்கம் சிறுத்தைக் குட்டியைக் கொன்றுவிடும். இந்தச் சிங்கமோ அதற்குப் பால் கொடுத்தது. தான் கொன்ற இரையில் பங்கு கொடுத்தது. சிங்கக் குட்டிகள் அதனோடு விளையாடின. ஒன்றரை மாதம் இப்படிக் கழிந்தது. பிறகு அக்குட்டி ஒரு நீர்நிலை அருகே இறந்து கிடந்தது. சோதித்துப் பார்த்ததில், பிறவியிலேயே இருந்த குடலிறக்க நோயே காரணம் என்று தெரிந்தது. சிங்கம் அதனைக் கொல்லவில்லை.

2020-இல் எக்கோஸ்பியர் என்னும் ஆய்விதழில் இது வெளிவந்தபோது ஆய்வாளர் தந்த காரணங்கள் எளியவை. குட்டிகள் ஒத்த பருவத்தின. தாய்க்குப் பால் சுரந்துகொண்டிருந்தது. ஈன்ற சிங்கம் சில மாதங்கள் கூட்டத்தை விட்டு விலகித் தனியே குட்டிகளை வளர்ப்பது வழக்கம். ஆதலின் மற்றச் சிங்கங்களின் கண்ணில் அயற்குட்டி படவில்லை. வளர்ந்து கூட்டத்தோடு சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அக்குட்டி நமக்குச் சொல்லாமலே போய்விட்டது. சாத்தனாரின் பசுவுக்கும் இதற்குமேல் காரணம் தேவையில்லை. பால் சுரக்கும் தாய் ஒன்று, அழும் குரல் ஒன்று, இடையே வேறு எவருமில்லை. சாத்தனார் கிர் காட்டைக் கண்டவர் அல்லர். ஆனால் மாட்டுத் தொழுவத்தை நன்கு கண்டவர்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இரண்டு காதைகள் தள்ளிச் சாத்தனாரே இந்த எளிமையைக் கெடுத்துக்கொள்கிறார். ஏழு நாள் பாலூட்டிய அப்பசு அந்த நல்வினையால் சாவக நாட்டில் பொற்கொம்பும் பொற்குளம்பும் கொண்டு பிறக்கிறது. ஆபுத்திரன் மறுபிறப்பில் அதன் வயிற்றிலேயே உதிக்கிறான். வினைக்குப் பயன் காட்ட வேண்டிய சமயக் காப்பியம் அது. கணக்கை முடிக்காமல் விட இயலாது. ஆயினும் பொற்கொம்புப் பசுவை நம்மால் வியக்கத்தான் முடிகிறது. தோட்டத்தில் நின்ற பசுவின் பக்கத்திலோ நாமே போய் நின்றாற்போல் இருக்கிறது.

பக்தி இலக்கியம் வேறு வழியில் போயிற்று. தாயை இழந்த மான்கன்றுக்குப் புலி பால் கொடுக்குமாறு இறைவன் அருளிய செய்தியைத் திருவாசகத்தின் போற்றித் திருவகவல் குறிக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், பாண்டியனின் வேட்டையில் தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சோமசுந்தரக் கடவுளே தாய்ப்பன்றியாகி வந்து பாலூட்டுகிறார். அருளின் எல்லையைக் காட்டுவதற்கு இவற்றைவிடத் துணிவான கற்பனை வேண்டியதில்லை. இழிந்ததாகக் கருதப்பட்ட விலங்கின் உடலையே கடவுள் ஏற்கிறார் அல்லவா? எனினும் இங்கே விலங்குக்குச் செயல் இல்லை. புலி அருளின் கருவி. பன்றி அருளின் வேடம். பக்திக்கு அது போதும். விலங்கைக் காண விரும்புவோர் காப்பியங்களுக்குத்தான் திரும்ப வேண்டும். கம்பனின் சடாயுவைச் சிலர் இவ்வரிசையில் சேர்ப்பர், நாம் சேர்க்கவில்லை. கம்பன் அவனைத் தயரதனின் உயிர்த்தோழனாக்கி, இராமனுக்குத் தந்தை நிலையில் வைத்துவிடுகிறான். சீதையைக் காப்பவன் பறவை வடிவில் உள்ள மாமன்.

புலி மானுக்குப் பாலூட்டிய கதையை எண்ணும்போது, ஆப்பிரிக்காவில் கென்யாவின் சம்புரு வனத்தில் 2002-இன் தொடக்கத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. இளம் பெண்சிங்கம் ஒன்று ஓரிக்ஸ் என்னும் மானினத்துக் கன்றைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மற்ற விலங்குகள் அண்டாமல் காத்தது. அங்குள்ள மக்கள் அதற்கு ‘அருள் பெற்றவள்’ என்று பொருள்படும் காமுன்யாக் என்னும் பெயரை இட்டனர். உலகெங்கும் மக்கள் உருகினர். ஆனால் அதற்கு ஊட்டப் பால் இல்லை. கன்றை விட்டுப் போக மனமின்றி அதுவும் வேட்டையாடவில்லை. காத்ததும் காக்கப்பட்டதும் சேர்ந்தே பட்டினி கிடந்தன. இரண்டு வாரம் போல் கழிந்தபின் ஓர் ஆண்சிங்கம் வந்து கன்றைத் தின்றுவிட்டது. அப்பெண்சிங்கம் அவ்வாண்டிலேயே மேலும் சில கன்றுகளை இவ்வாறு பிடித்துக் காத்தது. எதுவும் அதனிடம் நிலைக்கவில்லை. தாயிடமிருந்து கன்றைப் பிரித்ததும் அந்தக் காவல்தானே என்ற எண்ணத்தை நம்மால் தள்ள முடியவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகள் இன்று கைபேசியில் அரை நிமிடப் படங்களாக நம் வீடுகளுக்குள் வந்து விழுகின்றன. பின்னணியில் புல்லாங்குழல், கீழே, மனிதனைவிட விலங்கு மேல் என்றோர் அறிவிப்பு. கன்று தின்னப்பட்ட பகுதி வெட்டப்பட்டிருக்கும். அயலூரில் பிழைக்க வந்த நமக்கு இப்படங்கள்மேல் ஒரு தனி மயக்கம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேற்றினத்துக் குட்டியைச் சிங்கம் ஏற்றது என்று கேட்டதும், நம்மை ஏற்ற ஊரை நினைத்துக்கொள்கிறோம். சங்க விழா மேடைகளில் இவ்வுவமையைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நாமும் இருந்தோம். ஆனால் அவ்வுவமையில் சிங்கமும் இல்லை, குட்டியும் இல்லை, நாம்தான் இருக்கிறோம். கீரியின் கதையிலும் குழந்தையின் தாய் செய்த பிழை அதுவே. அவள் கீரியைப் பார்க்கவில்லை; தன் அச்சத்தைத்தான் பார்த்தாள்.

சென்ற ஆண்டு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆபுத்திரன் கதையைச் சொல்ல நேர்ந்தது. குலம், பிறப்பு, வேள்வி என்பவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “குத்திட்டு ஓடிச்சே, அந்தப் பசு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டாள். சாவக நாட்டுப் பொற்கொம்புப் பசுவைப் பற்றிச் சொன்னோம். “அது பால் குடுத்த பசு. நான் கேட்டது காட்டுக்குள்ள ஓடின பசு” என்று திருத்தினாள். வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினோம். ஆபுத்திரன் கதையைச் சாத்தனார் கடல் கடந்தும் கொண்டு செல்கிறார். அந்தப் பசுவைப் பற்றி மட்டும் மறுபடி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வாரம் அவளிடம் அப்படியே சொன்னோம். “அப்படீன்னா பிடிபடலை” என்றாள்.